ஒரு கார், இரண்டு அறை: பிரேசில் மோட்டலில் தங்கியவன் சொல்வது

கேள்வி இது: "வேலை விஷயமாக பிரேசில் போகிறேன். அங்கே ஊர் ஊராகக் காரில் சுற்ற வேண்டியிருக்கும். முன்பதிவுத் தளத்தில் மோட்டல் என்று போட்டு மலிவாக நிறைய அறைகள் காட்டுகிறது. பிரேசிலில் மோட்டல் என்றால் அர்த்தமே வேறு என்று நண்பர் சொல்லிச் சிரிக்கிறார். உண்மையா? தனி ஆள் அங்கே தங்கலாமா? ஆபத்து ஏதும் உண்டா?"

நண்பர் சிரித்ததில் நியாயம் உண்டு. பிரேசிலில் மோட்டல் என்பது ஜோடிகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இடம். தனி ஆள் தங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளோடு மட்டும் போய்விடாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவசரமாகப் பதில் வேண்டியவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் ஒரு இரவு அங்கே தங்கியவன் என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தச் சொல். 1925இல் கலிஃபோர்னியாவில், காரில் வருகிறவர்களுக்காகக் கட்டிய ஒரு விடுதிக்கு மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டி வைத்த பெயர் அது. அமெரிக்காவில் இன்றைக்கும் குடும்பத்தோடு படுத்துவிட்டுப் போகிற சாலையோர விடுதி என்றே பொருள். பிரேசிலில் அந்த வேலையை ஹோட்டலும் பொவ்சாதா எனப்படும் சிறு விடுதிகளும் பார்த்துக்கொள்கின்றன. காதில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் பேச்சில் ஹோட்டலின் முதல் எழுத்து ஊமை, கடைசி எழுத்து வகரம் போல் ஒலிக்கும். ஆகவே ஹோட்டல் 'ஒத்தெவ்', மோட்டல் 'மொத்தெவ்'. நடுவில் ஒரே ஒரு மகரம்தான் வித்தியாசம். இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் வழி கேட்கிறவனுக்கு அந்த மகரம் காதில் விழுவது கஷ்டம்.

எனக்கு அது சரியாகவே விழுந்தது. ஆனாலும் போனேன். 2017 ஜூன் மாதம். காற்றாலைப் பராமரிப்பு என் தொழில், முப்பந்தல் காற்றில் கற்றுக்கொண்டது. பிரேசிலின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ரியோ கிராண்டே டோ நோர்ட்டே மாநிலம் காற்றாலை மின்சாரத்தில் அந்த நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. கடற்கரையில் உப்பளம், உள்ளே முந்திரித் தோப்பு, நடுவில் ஓயாத காற்று. தூத்துக்குடியையும் ஆரல்வாய்மொழியையும் அருகருகே எடுத்து வைத்த மாதிரி இருக்கும். மாநிலத் தலைநகர் நடாலிலிருந்து, நாங்கள் போக வேண்டிய மொசொரோ ஊருக்கு பிஆர் 304 நெடுஞ்சாலையில் சுமார் 280 கிலோமீட்டர். வண்டி ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்தில் வயதில் மூத்தவரைப் பெயருக்கு முன்னால் 'சேவு' சேர்த்துக் கூப்பிடுவார்கள், நம்மூர் அண்ணாச்சி மாதிரி. அதனால் இங்கே அவரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன். அவர் என்னைத் 'தொத்தோர்' என்பார். நான் டாக்டரும் இல்லை, முனைவரும் இல்லை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கையில் மடிக்கணினியோடு வருகிறவர் எல்லாருமே அங்கே தொத்தோர்தான்.

வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரில் காற்று இல்லை. மொசொரோ எல்லைக்கு வரும்போது மணி பத்து. ஊரில் ஒரு அறை கிடையாது. ஜூன் அங்கே புனித ஜான் திருவிழா மாதம். வடகிழக்குப் பிரேசிலுக்கு கார்னிவலைவிட இதுதான் நெஞ்சுக்கு நெருக்கமான விழா என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். மொசொரோவில் இன்னொரு விசேஷமும் உண்டு. 1927 ஜூன் 13இல் லாம்பியாவ் என்ற பெரும் கொள்ளைக்காரனின் கூட்டத்தை ஊர்மக்களே துப்பாக்கி ஏந்தி விரட்டியடித்தார்கள். அதை ஒவ்வொரு வருடமும் தேவாலயத்து வாசலில் கூத்தாக நடித்துக் காட்டுகிறார்கள். மூன்று ஹோட்டல்களில் கேட்டோம், மூன்றிலும் கையை விரித்தார்கள். அண்ணாச்சி சற்று நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொத்தோர் தப்பாக நினைக்கமாட்டீர்கள் என்றால்..." என்று இழுத்தார்.

ஊருக்கு வெளியே நீளமான ஒரு மதில். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியில் நிற்பவன் யூகிக்கக்கூட முடியாத உயரம். வாசலில் சிவப்பு விளக்கில் ஒரு இதயம். அதன் கீழே ஹோட்டல் மெனு அட்டை மாதிரி அறைகளின் படமும் விலையும் போட்ட பலகை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு விலை, அதற்குப் பெயர் 'பெரீயுது'. இரவு முழுவதும் தங்க ஒரு விலை, அது 'பெர்நோய்த்தி'. காரை ஓட்டியபடியே ஒரு கறுப்புக் கண்ணாடிச் சன்னல் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் குரல். முகம் தெரியாது.

"எத்தனை பேர்?"

"இரண்டு பேர்."

"எந்த அறை?"

"சாதாரண அறை. இரண்டு."

குரல் நின்றுபோனது. பிறகு, "காரா, கார்களா?" என்றது.

"ஒரே கார்தான். இரண்டு அறை வேண்டும்."

அந்த வாசலுக்கு இரண்டு கார்களில் வந்து ஒரு அறை எடுத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஒரு காரில் வந்து இரண்டு அறை கேட்டவர்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும். அண்ணாச்சி விளக்கம் சொல்லத் தொடங்கினார். டயர், திருவிழா, காற்றாலை, இந்தியா. இந்தியா என்றதும் கண்ணாடிக்குப் பின்னால் சிரிப்பு. 2009இல் பிரேசில் தொலைக்காட்சியில் இந்தியாவைப் பின்னணியாக வைத்து ஒரு தொடர் ஓடியது. நாடே உட்கார்ந்து பார்த்தது. அதில் வரும் "அரே பாபா" என்ற சொல் இன்றும் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அரே பாபா!" என்றபடி என் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். ஆளுக்கு 90 ரியல், அன்றைய கணக்கில் சுமார் 1,800 ரூபாய்.

அடையாள அட்டை கேட்பதை வெறும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1990இல் வந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல், அவர்களுடைய அனுமதியும் இல்லாமல், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரை எந்த விடுதியிலும் தங்கவைக்கக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம். மோட்டல்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், பெற்றோரோடு வந்தாலும் சிறுவர்களுக்கு இடமில்லை என்பார்கள்.

உள்ளே போனால் அது ஒரு விடுதி மாதிரியே இல்லை. வரவேற்பறை இல்லை, வராந்தா இல்லை, எதிரே வரும் மனிதர் இல்லை. ஒருவழிப் பாதையின் இரு பக்கமும் வரிசையாகக் கார் கொட்டகைகள். ஒவ்வொன்றுக்கும் உருட்டுக் கதவு. காரை உள்ளே விட்டதும் கதவு இறங்கிவிடும், கொட்டகைக்குள்ளிருந்தே அறைக்குப் போகிற வாசல். அதாவது வண்டியிலிருந்து இறங்கும் மனிதனை வானம்கூடப் பார்க்க முடியாது. எனக்கோ வண்டி இல்லை. அண்ணாச்சி என்னை முதல் கொட்டகையில் இறக்கிவிட்டுக் காரை அடுத்த கொட்டகைக்கு ஓட்டிப் போனார். கார் நிற்க வேண்டிய இடத்தில் கருவிப் பையோடு நான் தன்னந்தனியாக நிற்க, எதிரே கதவு மெதுவாக இறங்கியது.

அறையைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விஷயம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை எல்லாம் போர்த்துக்கீசியர் நம் வாயில் விட்டுப்போன சொற்கள். பிரேசிலில் ஒரு விடுதி அறைக்குள் போனால் பாதிப் பொருள்களுக்கு நமக்கு ஏற்கெனவே பெயர் தெரியும். ஆனால் இந்த அறையில் சாவியும் இல்லை, ஜன்னலும் இல்லை. கதவைத் திறப்பதும் பூட்டுவதும் வரவேற்பில் இருக்கும் அந்தக் குரல். ஜன்னல் இருக்க வேண்டிய சுவரில் கண்ணாடி. கூரையிலும் கண்ணாடி. கட்டில் வட்டமாக இல்லை, அது மேல் ரக அறைகளுக்கு. மூலையில் பல் மருத்துவரின் நாற்காலியும் உடற்பயிற்சிக் கூடத்துக் கருவியும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை மாதிரி வளைந்து நெளிந்த ஓர் இருக்கை. என்ன சாமான் என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு புரிந்தது. நல்ல உயரம், கருவிப் பை வைக்க வசதியாக இருந்தது.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். நான் பிரேசிலில் தங்கிய எத்தனையோ ஹோட்டல்களைவிட அந்த மோட்டல் அறை சுத்தம். துவாலைகள் நெகிழி உறையில் வெப்பத்தில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. தட்டு, தம்ளர், சோப்பு எல்லாமே உறைக்குள். கழிப்பறை இருக்கையின் குறுக்கே, கிருமி நீக்கியது என்று அச்சிட்ட காகிதப் பட்டை. காரணம் சாதாரண வியாபார புத்திதான். ஒரே அறை ஒரு நாளில் நாலைந்து பேருக்குக் கைமாறுகிறது. வருகிற ஒவ்வொருவர் மனதிலும் இதற்கு முன் யார் என்ற கேள்வி இருக்கும். அந்தக் கேள்வியைத் துடைத்து எடுப்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது.

தூங்குவதுதான் பெரும்பாடு. கட்டில் தலைமாட்டில் எட்டு சுவிட்சுகள், ஒன்றிலும் எழுத்து கிடையாது. முதல் சுவிட்சைத் தட்டினேன், ஃபொஹோ பாட்டு அலறியது. இரண்டாவதற்கு அறை சிவப்பானது. மூன்றாவதற்குக் குளியல் தொட்டியின் நீர்ச்சுழல் ஓட ஆரம்பித்து, தொட்டி விளிம்பில் நான் பிரித்து வைத்திருந்த இரண்டு துவாலைகளையும் நனைத்துவிட்டது. எல்லாவற்றையும் அணைத்த பின்னும் கட்டிலுக்கு அடியில் ஒரு நீல விளக்கு மட்டும் அணையவே இல்லை. வரவேற்புக்குத் தொலைபேசி எடுத்தேன். என் போர்த்துக்கீசியம் அப்போது இயந்திர உதிரிபாகங்களோடு சரி. "துவால்யா" என்றேன், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. நம் துவாலையை லேசாக இழுத்துச் சொன்னால் போதும். இரண்டு நிமிடத்தில் சுவருக்குள் மணி அடித்தது.

ஆம், சுவருக்குள். மோட்டல்களில் சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கும், இரண்டு பக்கமும் கதவு. பணியாள் அறைகளுக்குப் பின்னால் ஓடும் தனி நடைவழியில் வந்து, வெளிக்கதவைத் திறந்து, பொருளை வைத்து, மூடிவிட்டு, மணி அடித்துப் போய்விடுவார். நாம் உள்கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு, துவாலை, பில், மீதிச் சில்லறை எல்லாம் அதன் வழியாகத்தான். வந்தவர்கள் போகும் பாதை முன்னால், வேலைக்காரர்கள் நடக்கும் பாதை பின்னால். இரண்டும் எங்கும் சந்திக்காது. பொறியாளன் கண்ணோடு பார்த்தால், யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு மொத்தக் கட்டடத்தையும் வரைந்திருக்கிறார்கள்.

நீல விளக்கோடு ஒருவழியாகச் சமாதானமாகிப் படுத்தபோது கைபேசி அடித்தது. தெரியாத எண், வீடியோ அழைப்பு. எடுத்தால் ஒரு பெண்மணி, பின்னால் சமையலறை. அண்ணாச்சியின் மனைவி. எங்கே படுத்திருக்கிறார் என்று அண்ணாச்சி மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். வேறெங்கோ என்று பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை அந்த அம்மா நம்பியிருப்பார். நான் எழுந்து உட்கார்ந்து, கருவிப் பையைக் காட்டி, டயர் வெடித்த கதையைக் கைகளால் நடித்துக் காட்டினேன். அந்த அம்மா கூரைக் கண்ணாடியையும் நீல வெளிச்சத்தையும் பார்த்துச் சிரித்துச் சிரித்து இரும ஆரம்பித்துவிட்டார். அடங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாங்கள் போனபோது நீர்ச்சுழல் தொட்டி இல்லை. இப்போது எல்லா அறையிலும் வைத்துவிட்டார்களா?"

உங்கள் நண்பருக்கு விளங்காதது இதுதான் என்று நினைக்கிறேன். மோட்டல் என்றதும் நம் ஆட்கள் மனதில் வருவது விபசார விடுதி. அது அதுவல்ல. பிரேசில் குற்றவியல் சட்டத்தின் 229ஆம் பிரிவு விபசார விடுதி நடத்துவதைக் குற்றம் என்கிறது. மோட்டல் விற்பது அறையையும் நேரத்தையும் மட்டும், யாரை அழைத்து வருவது என்பது வருகிறவர் பாடு. கள்ள உறவுக்கு வருகிறவர்கள் நிச்சயம் உண்டு, உயர்ந்த மதில் அவர்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் கல்யாணம் வரை அப்பா அம்மாவோடு இருக்கிற இளைஞர்கள், இரண்டு அறை வீட்டில் மாமியாரோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கிற தம்பதிகள், திருமண நாளைக் கொண்டாட வருகிறவர்கள், இவர்களெல்லாம்தான் அங்கே அன்றாட வாடிக்கையாளர்கள். கூட்டுக் குடும்பத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இல்லாத ஒரு கதவை அவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

ஆண் ஜோடி, பெண் ஜோடிக்கு ஒரு காலத்தில் வாசலில் மறுப்பு இருந்தது. சாவோ பாலோ மாநிலம் 2001இலேயே பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதைக் குற்றமாக்கியது.

இது எப்படி வந்தது என்றால், கார் வந்தது, பின்னாலேயே மோட்டலும் வந்தது. 1950களின் கடைசியில் குபிச்செக் அதிபராக இருந்தபோது பிரேசிலில் கார் தொழிற்சாலைகள் எழுந்தன. 1959இலிருந்து ஃபோக்ஸ்வாகன் வண்டு கார் அங்கேயே உற்பத்தியாகி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தது. 1964இல் ராணுவ ஆட்சி. 1966இல் சுற்றுலா வளர்ச்சிக்கென்று எம்பிராத்தூர் என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அமெரிக்கப் பாணி மோட்டல் என்ற பெயரோடு நெடுஞ்சாலை ஓரங்களில் கட்டடங்கள் முளைத்தன. ஒழுக்கத்தையும் குடும்பத்தையும் காப்பாற்றுவோம் என்று மேடைக்கு மேடை முழங்கிய ஆட்சியின் காலத்தில்தான் இந்தத் தொழில் வேர் பிடித்தது. அதுவரை நகர மையத்தில் படியேறிப் போகிற பழைய விடுதிகள் இருந்தன. படியில் ஏறும்போது தெருவே பார்க்கும். காரில் போனால் யார் பார்ப்பது? நகராட்சிகளும் இவற்றை ஊர் நடுவில் வேண்டாம் என்று புறநகருக்கும் நெடுஞ்சாலைக்கும் தள்ளின. மோட்டல்காரர்களுக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. ரியோவில் மட்டும் ஒரு விதிவிலக்கான அழகு உண்டு. கடலை ஒட்டிய மலைச்சரிவில் வளைந்து போகும் நியமாயர் சாலையில், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி மோட்டல்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ஷாலிமார்! மொகலாயர் கட்டிய தோட்டத்தின் பெயர் எங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

பக்கத்து நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு, பெயர்தான் வேறு வேறு. அர்ஜென்டினாவில் சட்டப்படி 'தற்காலிகத் தங்குமிடம்', தெருப் பேச்சில் 'தெலோ'. ஹோட்டல் என்ற சொல்லின் அசைகளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது அது. பனாமாவில் 'புஷ்', கொட்டகைக் கதவை மூடும் பொத்தானை அமுக்குவதால் வந்த பெயர்.

பிரேசில் மோட்டல்களுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் தீபாவளி. அது ஜூன் 12, அவர்களுடைய காதலர் தினம். உலகம் கொண்டாடும் பிப்ரவரி 14 அங்கே எடுபடவில்லை. 1940களின் இறுதியில் சாவோ பாலோவின் ஒரு துணிக்கடைக்காக ஜொவாவ் தோரியா என்ற விளம்பரக்காரர் ஜூன் மாத மந்த வியாபாரத்தைத் தூக்கி நிறுத்த யோசித்த நாள் அது. மறுநாள் கல்யாண வரம் தரும் புனித அந்தோனியாரின் திருநாள், அதற்கு முந்தைய நாளைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு மோட்டல் வாசல்களில் கார்கள் தெருக்கோடி வரை வரிசையில் நிற்கும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று கட்டிய இடத்தின் வாசலில், முன்னால் நிற்கிற காரில் யார் என்று எட்டிப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். அன்றைக்கு முழு இரவு தங்கலை எந்த மோட்டலும் சுலபத்தில் தராது. மூன்று மூன்று மணி நேரமாக வெட்டி விற்றால்தான் லாபம்.

வெளிநாட்டுப் பயணிகள் அங்கே தங்குவது இப்போது புதிதல்ல. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து, 2016 ரியோ ஒலிம்பிக் சமயங்களில் அறைப் பஞ்சம் வந்தபோது மோட்டல்கள் பயணிகளுக்குக் கதவைத் திறந்தன. ரியோவில் சில மோட்டல்கள் ஹோட்டலாகவே மாறிப்போயின. 2025 நவம்பரில் அமேசான் முகத்துவார நகரமான பெலேமில் ஐநா பருவநிலை மாநாடு நடந்தபோது கதை உச்சத்துக்குப் போனது. எதிர்பார்த்த கூட்டம் சுமார் 50,000 பேர், இருந்த படுக்கைகள் அதில் பாதிகூட இல்லை. அரசு இரண்டு சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. மோட்டல் முதலாளிகள் அந்த வளைந்த நாற்காலிகளைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டு, எழுதுமேசை போட்டு அறைகளை மாநாட்டுப் பிரதிநிதிகளுக்குத் தயார் செய்தார்கள். வாடகையும் சாதாரண நாளைப் போலப் பல மடங்கு ஏறியது. புவி வெப்பமாதலைப் பற்றிப் பேச வந்த அதிகாரிகள் சிலர் கூரைக் கண்ணாடியைப் பார்த்தபடி அறிக்கை தயாரித்திருப்பார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை, நான் அந்த நீல விளக்கில் மறுநாள் வேலைத் திட்டம் எழுதியவன்.

நீங்கள் போவதாக இருந்தால் நேரக் கணக்கை மட்டும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முழு இரவு விலை இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பெரும்பாலும் தொடங்கும், மாலை நேரம் அவர்களுக்குத் தங்கம். ஆறு மணிக்கே போய் நின்றால் முதலில் ஒரு பெரீயுது, பிறகு பெர்நோய்த்தி என்று இரண்டையும் தலையில் கட்டுவார்கள். மறுநாள் வெளியேற வேண்டிய நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் பில் ஏறும். ஞாயிறு முதல் வியாழன் வரை மலிவு, வெள்ளியும் சனியும் விலை கூடும். குளிர்பெட்டியில் இருக்கும் தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாவற்றுக்கும் காசு. அதைவிட ஆச்சரியம் சாப்பாடு. நல்ல மோட்டல்களில் சமையலறை ராத்திரி முழுக்க இயங்கும், இறைச்சி வறுவலும் பொரித்த உருளைக்கிழங்கும் எந்த நேரத்திலும் பெட்டிக்குள் வந்து உட்காரும். ஊரே உறங்கிய பிறகு வந்து சேரும் பயணிக்கு இது பெரிய வரம்.

பாதுகாப்பு என்று பார்த்தால், பிரேசில் நகரங்களில் தெருவில் காரை நிறுத்துவதைவிட, உயர்ந்த மதிலுக்குள் பூட்டிய கொட்டகையில் நிறுத்துவது எத்தனையோ மேல். லாரி ஓட்டுநர்களும் ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதிகளும் இதற்காகவே மோட்டலைத் தேடுவார்கள். கார் இல்லாமல் போனால்தான் சங்கடம். வாடகை வண்டி உங்களை இறக்கிவிட்டுப் போய்விடும், சுற்றிலும் நெடுஞ்சாலை, நடந்து போக ஒரு டீக்கடை இருக்காது. வரவேற்பில் சொல்லாமல் வெளியேயும் போக முடியாது, வாசல் கதவு அவர்கள் கையில். மெல்லிய சுவர் இருந்தால் பக்கத்து அறையின் மகிழ்ச்சியில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும். காதடைப்பான் எடுத்துப் போங்கள். பெண்கள் தனியாகத் தங்குவதற்கும் தடையில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு பிரேசில் பெண் பொறியாளர், யாரும் என்னைப் பார்ப்பதில்லை, கதவைத் தட்டுவதில்லை, இதைவிட வேறென்ன வேண்டும் என்பார். முன்பதிவுத் தளத்தில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று குறிப்பு இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

காலை ஆறரைக்குச் சுவருக்குள் மணி. பெட்டியைத் திறந்தால் ஆவி பறக்க மக்காச்சோள மாவில் அவித்த ஒரு பண்டம். அவர்கள் அதைக் 'குஸ்குஸ்' என்கிறார்கள். குழலில் வைத்து அவித்துத் தள்ளிய சோளப் புட்டு என்றால் நாகர்கோவில்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பக்கத்தில் சுட்ட பாலாடைக்கட்டி, மரச்சீனி மாவில் வார்த்த வெள்ளைத் தோசை, ஒரு தம்ளர் முந்திரிப்பழச் சாறு. மரச்சீனியும் முந்திரியும் இந்த மண்ணிலிருந்து கப்பலேறி எங்கள் மாவட்டத்துக்கு வந்தவை. எங்கள் ஊரில் கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடுகிறோம். இங்கே பழம்தான் ராஜா. தொண்டையைக் கொஞ்சம் பிடிக்கிற அந்தத் துவர்ப்பு, சின்ன வயதில் கொல்லாமரத்தடியில் தின்றது அப்படியே.

கிளம்புகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும், பின்பாதை வழியாக ஒருவர் வந்து அறையைச் சரிபார்க்கும்வரை கதவு திறக்காது. என்ன சாப்பிட்டீர்கள், ஏதாவது உடைந்ததா என்ற கணக்கு. பிறகு பெட்டி வழியாக ரசீது. அதில் மோட்டலின் பெயர் இல்லை, என்னவோ ஒரு தங்கல் சேவை நிறுவனத்தின் பெயர். வங்கிக் கணக்கிலும் அப்படியேதான் வரும், வாடிக்கையாளரின் குடும்ப நிம்மதிக்காக. உருட்டுக் கதவு ஏறியது. அண்ணாச்சி தலை சீவி, சட்டை மாற்றி, காரோடு வெளியே நின்றார். தன் அறையில் குளியல் தொட்டிக்கு எத்தனை சுவிட்ச் என்று மனைவியிடம் சொல்ல வேண்டுமாம், என்னிடமும் கேட்டுக்கொண்டார்.

எங்கள் பிரேசில் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா இரண்டு நாள் கழித்து ரசீதுகளோடு என் மேசைக்கு வந்தார். பெயரை எவ்வளவு மறைத்தாலும் அவருக்குத் தெரியாதா என்ன. இரண்டு ரசீது, ஒரே தேதி, ஒரே கார் எண். "ஒரு காரில் போய் இரண்டு அறையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் முத்திரை குத்தினார். அடுத்த வருடம் ஜூன் மாத மொசொரோ பயணத்துக்கு ஏப்ரலிலேயே ஊர் நடுவில் இரண்டு ஹோட்டல் அறை பதிவு செய்து வைத்திருந்தார். இரண்டிலும் ஜன்னல் இருந்தது. சுவரில் பெட்டி இல்லாததால் காலைச் சாப்பாட்டுக்கு நானே கீழே இறங்கிப் போனேன்.